முகவலியைக் கண்டறியப் பயிற்சி: வார இறுதி வகுப்பா, இரண்டு வருடப் படிப்பா, வாராந்திர கேஸ் கூட்டமா?

கன்னத்தில் ஷாக் அடிக்கிற மாதிரி சுரீர் சுரீர் என்று வலிக்கிறது என்பவர் நம் ஊரில் முதலில் போவது பல் டாக்டரிடம்தான். அங்கே ஒரு ரூட் கெனால், அடங்காவிட்டால் பக்கத்துப் பல்லுக்கு இன்னொன்று, அப்புறம் பல்லையே பிடுங்குவது, அதற்கும் பிறகுதான் நரம்பு டாக்டரைப் பாருங்கள் என்கிறார்கள். முகத்து உணர்வு நரம்பிலிருந்து வரும் இந்த வலிக்கு ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்று பெயர், அந்த நோயாளிகளில் இப்படிப் பல்லை இழந்துவிட்டு வருகிறவர்கள் அவ்வளவு சகஜம். இத்தனைக்கும் கார்பமாசெபின் இந்த வலிக்குக் கேட்கும் என்பது 1962-லேயே தெரியும், மெடிக்கல் ஷாப்பில் சாதாரணமாகக் கிடைக்கிற மாத்திரை. வலி எத்தனை நொடி நிற்கிறது, பல் துலக்கும்போதோ முகம் கழுவும்போதோ காற்று படும்போதோ கிளம்புகிறதா என்று கேட்டால் பாதி வேலை முடிந்தது. அதைக் கேட்க டாக்டர்களை யாரும் பழக்கிவிடவில்லை, அவ்வளவுதான்.

எந்தப் பயிற்சி நல்லது என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் மூன்று நோயாளிகள். ஒருவருக்குப் பல்லில் விரிசல்: கடிக்கும்போதோ கடித்துவிட்டு விடும்போதோ சுரீர் என்று வலிக்கும், அவசரத்தில் பார்த்தால் நரம்பு வலி என்றே தோன்றும். இரண்டாமவர் அறுபதைத் தாண்டியவர், நாலு வாய் மென்றதும் தாடை அசந்து வலிக்கிறது, நிறுத்தினால் குறைகிறது, நெற்றிப்பொட்டைத் தொட்டால் வலி. இது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். நம் ஊரில் குறைவுதான், ஆனால் தவறவிட்டால் பார்வை போய்விடலாம், அன்றைக்கே ஸ்டீராய்டு தொடங்க வேண்டிய கேஸ். மூன்றாமவருக்கு மாடிப்படி ஏறினால் தாடை வலிக்கிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது. இது இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம், அவருக்கு முதலில் தேவை ஈ.சி.ஜி. இந்த மூவரையும் பிரித்துச் சொல்ல வைக்கிற பயிற்சி எதுவோ அதுதான் பயிற்சி.

வார இறுதி வகுப்பு இதில் தேறாது. பெரும்பாலும் ஸ்ப்ளின்ட் (பல்லின் மேல் மாட்டுகிற தகடு) செய்வதும் தாடைத் தசையில் போடாக்ஸ் போடுவதும்தான் பாடம், ஏனென்றால் திங்கட்கிழமை கிளினிக்கில் உடனே செய்யக்கூடியவை அவை. வலி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அரை நாள் கூட ஒதுக்குவதில்லை. ஸ்ப்ளின்ட் கையில் இருப்பவருக்கு வருகிற தாடைவலி எல்லாம் ஸ்ப்ளின்ட் கேஸாகத் தெரிவது இதனால்தான், எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

ஆனால் நேரில் உட்கார்ந்து கற்றே ஆகவேண்டிய ஒன்று இருக்கிறது: கையால் அழுத்திப் பார்ப்பது. தாடை மூட்டு, தசை வலிகளுக்கு 2014-இல் வந்த சர்வதேச நோயறிதல் விதிமுறைப்படி மென்று தின்னும் தசையை விரல் நுனியால் ஒரு கிலோ அழுத்தத்தில் இரண்டு நொடியாவது அழுத்த வேண்டும், மூட்டின் மேல் நேராக என்றால் அரைக் கிலோதான். ஒரு கிலோ என்பது எவ்வளவு என்று விரலுக்குத் தெரியாது. மேஜையில் ஒரு தராசை வைத்து, முள்ளைப் பார்க்காமல் அழுத்தி, பிறகு பார்த்துத் திருத்தி, மறுபடி அழுத்திப் பழகுகிறார்கள். நிறையப் பேருக்கு முதலில் அளவு சரியாக வராது. அதோடு முடியவில்லை. வலிக்கிறதா என்று கேட்டால் போதாது, ‘உங்களை இங்கே கூட்டிவந்த அதே வலியா இது?’ என்று கேட்க வேண்டும். அழுத்தினால் யாருக்கும் வலிக்கும், அவருடைய வலியே திரும்பி வந்தால்தான் அது கணக்கு. இதை ஸ்கிரீனில் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது.

அடுத்தது முழுநேரப் படிப்பு. அமெரிக்காவில் முகவலி 2020-இல் பல் மருத்துவத்தின் 12-வது சிறப்புத் துறையாக அங்கீகாரம் பெற்றது. அங்கே இரண்டு வருட ரெசிடென்சியில் (மருத்துவமனையில் இருந்தே பெறும் பயிற்சி) நரம்பியல், தூக்கம், உளவியல் என்று எல்லாப் பக்கமும் போய் நோயாளிகளைப் பார்க்கிறார்கள். ஆழத்தில் இதை எதுவும் நெருங்காது, என் மூன்று நோயாளிகளும் இவர்களிடம் தப்பமாட்டார்கள். தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் போல ஆன்லைனில் முதுகலைப் பட்டம் தருகிற இடங்களும் உண்டு, டாலரில் கட்டணம் கட்ட முடிகிறவர்களுக்கு. இந்தியாவில் முகவலிக்கென்று தனி எம்.டி.எஸ். (பல் மருத்துவ முதுகலைப் படிப்பு) கிடையாது. வாய் மருத்துவமும் கதிரியக்கமும் சேர்ந்த மூன்று வருட எம்.டி.எஸ்.ஸில் ஒரு பகுதியாக வருகிறது, எக்ஸ்ரே வேலை நேரத்தைத் தின்றுவிடுகிறது. தனிப் படிப்பு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமே. ஆனால் அதில் வருடத்துக்குச் சிலர்தான் வெளியே வருவார்கள், செங்கத்திலும் முதுகுளத்தூரிலும் பல் பிடுங்கப்படுவது அதற்காகக் காத்திருக்காது.

வாராந்திர கேஸ் கூட்டம்தான் என் தேர்வு. 2003-இல் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற டாக்டர் ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்காகத் தொடங்கிய எக்கோ முறை இது. சிறு ஊர் டாக்டர்கள் வாரம் ஒருமுறை வீடியோவில் கூடுவார்கள், தன் நோயாளியைப் பற்றி ஒருவர் சொல்வார், நிபுணர் குழு கேள்வி கேட்கும், மற்றவர்களும் கேட்டுக் கற்பார்கள், நோயாளி தன் டாக்டரிடமே இருப்பார். 2011-இல் வெளியான ஆய்வில் பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 சதவீதம் பேர் குணமானார்கள், எக்கோ மையங்களில் 58.2 சதவீதம், வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை போதை மீட்புப் பயிற்சிக்கு இதே முறையைக் கொண்டுவந்தது. ஹெபடைடிஸில் நடந்தது முகவலியில் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன், அங்கே ரத்தப் பரிசோதனை பதில் சொல்லிவிடும், இங்கே நோயாளியின் வாய்மொழிதான் பரிசோதனை. ஆனால் அதனாலேயே இந்த முறை பொருந்துகிறது என்பது என் கருத்து: ஒருவர் கேஸைச் சொல்லும்போது எதைக் கேட்கத் தவறினார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும், அடுத்த வாரம் அந்தக் கேள்வி தானாக வாயில் வரும்.

இன்னொன்று, பல் டாக்டருக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பயனில்லை. விரிசல் விட்ட பல்லைப் பார்க்காமல் நியூரால்ஜியா என்று எழுதித் தருகிற நரம்பு டாக்டரும் உண்டு. ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்று முடிவானாலும் எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும், நூற்றில் பதினைந்து பேருக்கு வரை கட்டியோ, நரம்பின் மேலுறை சிதையும் நோயோ காரணமாக இருக்கலாம். கார்பமாசெபின் தொடங்கினால் ரத்தத்தில் சோடியம் பார்க்க வேண்டும். தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு வரச் சொல்லி நோயாளியிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், ஆசியர்களில் குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்கு அந்தத் தடிப்பு உயிருக்கே ஆபத்தாகலாம். பல் டாக்டரும் நரம்பு டாக்டரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தால் இதெல்லாம் சண்டையில்லாமல் முடியும்.

என் கையில் விட்டால் இப்படிச் செய்வேன். முதல் நாள் நேரில், தராசோடு. பிறகு ஆறு மாதம், வாரம் ஒரு மணி நேரம். ஒவ்வொருவரும் தன் நோயாளிகளில் இரண்டு பேரையாவது சொல்ல வேண்டும், மூன்று மாதம் கழித்து அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று திரும்பி வந்தும் சொல்ல வேண்டும். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கின்றன. பல் பக்கம் ஒருவர், நரம்பியல் பக்கம் ஒருவர், ஒரு மனநல டாக்டர், ஒரு பிசியோதெரபிஸ்ட் என்று நாலு பேர் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் தொடங்கிவிடலாம்.