டிஓஏஜே: ஆய்விதழின் உரிமத்தைப் பார்க்க நல்ல இடம், ஆனால் ஒப்பந்தத்தை நீங்கள்தான் படிக்க வேண்டும்

கட்டுரை அனுப்புவதற்கு முன் ஓர் ஆய்விதழின் உரிமம் என்ன, பதிப்புரிமை யாரிடம் போகிறது என்று பார்க்க முதலில் திறக்க வேண்டிய தளம் டிஓஏஜே. திறந்த அணுக்க இதழ்களுக்கான, அதாவது எவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழ்களுக்கான, இந்த அடைவு 2003இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சுமார் 300 இதழ்களோடு தொடங்கியது. இன்று 20,000க்கும் மேல் இருக்கின்றன. தேடுவதற்குக் கணக்கும் வேண்டாம், காசும் வேண்டாம். இதழைச் சேர்ப்பதற்கும் கட்டணம் கிடையாது. அதனால் பணம் கட்டினால் இதழைச் சேர்த்துத் தருகிறோம் என்று யாராவது மின்னஞ்சல் அனுப்பினால் அது மோசடிதான்.

தேடும்போது இதழின் பெயரை இடாமல் ஒவ்வோர் இதழுக்கும் தனியாக உள்ள எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என் எண்ணை இடுங்கள். ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இதழ்கள் ஏராளம். நல்ல இதழின் பெயரையே திருடிப் போலித் தளம் நடத்துகிறவர்களும் உண்டு. இதழின் பக்கம் திறந்ததும், அங்கே கொடுத்திருக்கும் இணைய முகவரியும் உங்களுக்கு அழைப்பு வந்த முகவரியும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

அந்தப் பக்கத்தில் பெரும்பாலோர் சிசி (கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமம்) சின்னத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே ஒரு வரி இருக்கும்: கட்டுரையாளர் கட்டுப்பாடற்ற பதிப்புரிமையையும் வெளியீட்டு உரிமைகளையும் வைத்துக்கொள்கிறார், அல்லது வைத்துக்கொள்வதில்லை. இந்தத் தளத்திலேயே அதிக மதிப்புள்ள வரி இதுதான் என்பது எங்கள் கருத்து.

காரணம் இது. சிசி உரிமம் வாசகர் என்ன செய்யலாம் என்பதைச் சொல்கிறது. அந்த உரிமத்தை வழங்கும் உரிமையாளர் யார் என்பது தனிக் கேள்வி. ஓர் இதழ் சிசி-பிஒய்-என்சி-என்டி (பிஒய்: பெயர் குறிப்பிட வேண்டும்; என்சி: வணிகப் பயன்பாடு கூடாது; என்டி: மாற்றிப் பகிரக் கூடாது) உரிமத்தில் வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘பதிப்புரிமை கட்டுரையாளருக்கே’ என்று தளத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் நீங்கள் கையெழுத்திடும் படிவம், வெளியிடவும் வணிக நோக்கில் பயன்படுத்தவும் உள்ள உரிமையைப் பதிப்பகத்துக்கு மட்டுமே கொடுத்துவிடுகிறது. அப்போது மறுபதிப்பு விற்பதும் தொகுப்பு நூலில் சேர்க்க அனுமதி தருவதும் பதிப்பகத்தின் கையில். உங்கள் கட்டுரையையே நீங்கள் வேறொரு நூலில் சேர்க்க வேண்டுமானால், படிவத்தில் உங்களுக்கென்று திருப்பிக் கொடுத்திருக்கும் அனுமதிகளைத் தேட வேண்டியிருக்கும். ‘©’ குறிக்குப் பின்னால் உங்கள் பெயர் இருக்கும், அவ்வளவுதான். இத்தகைய இதழ்களுக்கு டிஓஏஜே ‘வைத்துக்கொள்வதில்லை’ என்றே குறிக்கிறது, சரியாகவே செய்கிறது. சிசி-பிஒய் என்றால் சேதம் மிகக் குறைவு: உலகில் எவரும் பெயர் குறிப்பிட்டு எதற்கும் பயன்படுத்தலாம் என்பதால் கட்டுரையாளரும் பயன்படுத்தலாம்.

என்டி என்ற ஈரெழுத்தைப் பலர் பாதுகாப்பு என்று நினைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் விளைவு, தனி அனுமதி இல்லாமல் உங்கள் கட்டுரையை மொழிபெயர்த்து யாரும் வெளியிட முடியாது. வரைபடத்தைத் திருத்திப் பகிரவும் முடியாது. என்சி இருந்தால் விக்கிப்பீடியாவுக்கு உங்கள் படங்கள் போகாது, ஏனென்றால் அதன் உரிமம் வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கும் சிசி-பிஒய்-எஸ்ஏ 4.0. ஆராய்ச்சி பரவ வேண்டும் என்று விரும்புகிறவர்கள் சிசி-பிஒய் கேட்பதே நல்லது. கருத்துத் திருட்டைத் தடுக்க என்டி தேவையில்லை. பெயர் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை ஆறு சிசி உரிமங்களிலும் இருக்கிறது.

இனித் தளத்தின் குறைகள். அங்கே இருக்கும் விவரங்கள் இதழ் தரப்பு விண்ணப்பத்தில் கொடுத்தவை. டிஓஏஜே ஆட்கள் சரிபார்த்துத்தான் சேர்க்கிறார்கள், ஆனால் அதன்பிறகு இதழ் கொள்கையை மாற்றினால் உடனே தெரியாது. ஆகவே ‘புதுப்பித்த நாள்’ பழையதாக இருந்தால் எச்சரிக்கை தேவை. உரிமம் இதழ் அளவில் மட்டுமே காட்டப்படுகிறது. இரண்டு மூன்று உரிமங்கள் குறித்திருந்தால் கட்டுரைக்குக் கட்டுரை வேறுபடலாம். திறந்த அணுக்கம் தொடங்கிய ஆண்டும் அங்கே இருக்கும். அதற்கு முன் வெளிவந்த கட்டுரைகளுக்கு அதே உரிமம் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு குறிப்பிட்ட கட்டுரையின் உரிமம் வேண்டுமென்றால் மூன்று இடங்களைப் பாருங்கள்: பிடிஎஃப்பின் முதல் பக்க அடிக்குறிப்பு, கட்டுரையின் இணையப் பக்கம், கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பில் உள்ள பதிவு. கிராஸ்ரெஃப்பின் ஏபிஐ (பதிவுகளைத் தரவாகத் தரும் இணைய வழி) முகவரியில் கட்டுரையின் டிஓஐயைச் சேர்த்தால் உரிமப் புலம் வரும். அதில் ‘விஓஆர்’ என்றிருப்பதே இறுதி வடிவத்துக்கான உரிமம். ‘டிடிஎம்’ என்றிருப்பது கணினிவழி உரைப் பகுப்பாய்வுக்கு மட்டும். அதை சிசி உரிமமாக நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். சிறிய இதழ்கள் இந்தப் புலத்தை நிரப்பாமலே விடுவதும் உண்டு.

அடிக்கடி காணும் கோளாறு: இணையப் பக்கத்தில் சிசி-பிஒய், பிடிஎஃப் அடியில் ‘அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை’. பழைய வார்ப்புருவின் அடிக்குறிப்பை யாரும் மாற்றாததே பெரும்பாலும் காரணம். மெய்ப்பு வரும் கட்டத்திலேயே திருத்தச் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். இன்னொன்று, பிறரிடம் அனுமதி பெற்று எடுத்த படங்களுக்குக் கட்டுரையின் சிசி உரிமம் பொருந்தாது. படத்தின் கீழே அதைத் தனியாக எழுத வேண்டும்.

இதழ் நடத்துகிறவர்களுக்கு டிஓஏஜேயின் விண்ணப்பப் படிவமே ஒரு நல்ல தணிக்கை. உரிமமும் பதிப்புரிமைக் கொள்கையும் தளத்தில் தெளிவாக இருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று முரண்படக் கூடாது. ஆண்டுக்குக் குறைந்தது 5 ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும். இதழ் நடத்தப் பயன்படும் ஓஜேஎஸ் மென்பொருளில் உரிமத்துக்கான அமைப்பு ‘டிஸ்ட்ரிபியூஷன்’ பகுதியின் ‘லைசன்ஸ்’ தாவலில் இருக்கிறது. அங்கே மாற்றினால் பிடிஎஃப் தானாக மாறாது. ‘டூல்ஸ்’ பகுதியில் ‘பெர்மிஷன்ஸ்’ என்ற இடத்தில் இருக்கும் மீட்டமைப்புப் பொத்தானைத் தொடாதீர்கள்: இதுவரை வெளிவந்த எல்லாக் கட்டுரைகளின் உரிமப் பதிவையும் அழித்து இன்றைய அமைப்பை ஏற்றிவிடும். ஏற்கெனவே கொடுத்த சிசி உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதால், பதிவு ஒன்றாகவும் உண்மை வேறாகவும் நிற்கும்.

பட்டியலின் நம்பகத்தன்மைக்கு வருவோம். 2014இல் விதிகளை இறுக்கி எல்லா இதழ்களையும் மீண்டும் விண்ணப்பிக்கச் சொன்னார்கள்; விண்ணப்பிக்காத சுமார் 3,300 இதழ்கள் 2016 மே மாதம் நீக்கப்பட்டன. அந்தத் துணிச்சலைப் பாராட்ட வேண்டும். நீக்கப்பட்டவை எல்லாம் போலி என்று பொருளில்லை. சேர்த்தவை, நீக்கியவை, அதற்கான காரணம் எல்லாவற்றையும் பொதுவில் வைக்கிறார்கள். பழைய வழிகாட்டிகள் ‘டிஓஏஜே முத்திரை’ உள்ள இதழைத் தேடச் சொல்லும். அந்த முத்திரை 2025இல் கைவிடப்பட்டது.

சந்தா இதழில் பணம் கட்டித் திறந்த அணுக்கம் பெறும் கலப்பு இதழ்களுக்கு இங்கே இடமில்லை. அவற்றில் வெளியிடுகிறவர்கள் பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு நடத்தும் ஓபன் பாலிசி ஃபைண்டர் தளத்தைப் பார்க்க வேண்டும், முன்பு ஷெர்பா ரோமியோ என்று இருந்தது. ஏற்கப்பட்ட கையெழுத்துப்படியை எந்தக் களஞ்சியத்தில், எத்தனை மாதத் தடைக்குப் பிறகு, எந்த உரிமத்தோடு வைக்கலாம் என்று அது தனித்தனியாகக் காட்டும்.