பழைய போர்ஷே 911-இல் ஏசி கசிவு தேட டி-டெக் செலக்ட்: எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது

டி-டெக் செலக்ட், ஏசி கேஸ் கசிவைக் கண்டுபிடிக்க இன்ஃபிகான் நிறுவனம் தயாரித்த அகச்சிவப்பு டிடெக்டர். விற்பனையில் இருந்தபோது விலை சில நூறு டாலர். வீட்டு ஏசி, ஃப்ரிட்ஜ் வேலை செய்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இது தேவையா என்பதுதான் இங்கே கேள்வி. 1984 முதல் 1989 வரை வந்த போர்ஷே 911 கரேரா 3.2-ஐ வைத்தே இதை எடைபோடுகிறோம். கசிவு தேடும் எந்தக் கருவிக்கும் இதைவிடக் கடினமான பரீட்சை கிடைப்பது அரிது.

இந்தக் காரில் எஞ்சின் பின்னால் இருப்பதால், கேஸை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசரும் பின்னால்தான். கேஸின் வெப்பத்தை வெளியேற்றித் திரவமாக்கும் கண்டன்சர் ஒன்று எஞ்சின் மூடியிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. இன்னொன்று முன்பக்க பம்பருக்குக் கீழே, தனி ஃபேனோடு. கூலிங் காயில் முன்பக்க லக்கேஜ் அறையின் உள்கோடியில், கண்ணாடிக்கு அருகே. ஆக, கேஸ் பின்னாலிருந்து முன்னால் போய், மறுபடி பின்னால் திரும்ப வேண்டும். ஹோஸ் நீளம் எல்லாம் சேர்த்தால் பத்து மீட்டரை நெருங்கும். அந்தக் காலத்து ஹோஸ் வெறும் ரப்பர். இன்றைய பேரியர் ஹோஸில் இருக்கும் நைலான் உள்ளடுக்கு அதில் கிடையாது. இணைப்புகள் எல்லாம் இறுக்கமாக இருந்தாலும் கேஸ் ரப்பரின் வழியாகவே மெல்ல ஊடுருவி வெளியேறும். இதைப் புரிந்துகொள்ளாமல் கருவி வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

கருவி வேலை செய்யும் விதம் இது. உள்ளே ஒரு சிறு பம்ப், முனையில் உள்ள காற்றை உறிஞ்சி அகச்சிவப்பு ஒளி பாயும் அறைக்குள் அனுப்புகிறது. ஏசி கேஸ் மூலக்கூறுகள் அந்த ஒளியில் ஒரு பகுதியை விழுங்குகின்றன. ஒளி குறைந்தவுடன் அலாரம் ஒலிக்கிறது. அந்தக் காலத்து ஆர்-12 கேஸ், அதற்குப் பதிலாக மாற்றி ஏற்றிய ஆர்-134ஏ கேஸ் இரண்டையும் இது பிடிக்கும் என்பது பழைய கார்க்காரர்களுக்குப் பெரிய வசதி. ஆண்டுக்கு 1 கிராம் கசிவைக்கூட உணரும் என்பது தயாரிப்பாளர் தரும் அளவு. எஸ்ஏஈ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு கார் ஏசி டிடெக்டர்களுக்கு வகுத்த ஜே2791 தரம் கேட்பது ஆண்டுக்கு 4 கிராம்.

இந்த எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். கரேராவின் மொத்தக் கேஸ் ஒரு கிலோவுக்கு மேல். கோடையின் மூன்று மாதத்தில் 300 கிராம் போகிறது என்றால், கசிவின் வேகம் ஆண்டுக்கு 1,200 கிராம். அவ்வளவு பெரிய கசிவை மலிவான கருவியும் கண்டுபிடிக்கும். டி-டெக் செலக்ட் தன் விலைக்கு நியாயம் செய்வது அதற்கு அடுத்த கட்டத்தில்தான். பெரிய ஓட்டையை அடைத்த பிறகும் நான்கைந்து இடங்களில் ஆண்டுக்கு 20, 30 கிராமாகப் போய்க்கொண்டிருக்குமே, அவற்றைப் பொறுக்கி எடுக்க இது வேண்டும்.

மலிவான கருவிகளில் பெரும்பாலும் இருப்பது சூடான டையோடு சென்சார். அது தேய்ந்துபோகும் பொருள். ஆயில் படிந்தாலோ, அடர்த்தியான கேஸ் ஒரேயடியாக உள்ளே புகுந்தாலோ மந்தமாகிவிடும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் வாடைக்கும் அலறும். எண்ணெய்ப் பிசுக்கும் பெட்ரோல் வாடையும் நிறைந்த 911-இன் எஞ்சின் அறையில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். அகச்சிவப்புச் சென்சார் அதைவிடப் பல மடங்கு நாள் தாங்கும். பொய் அலாரம் குறைவு. ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

இனி இதன் முக்கியமான குணம் ஒன்று. கேஸ் அடர்த்தி மாறும்போது மட்டுமே இது ஒலிக்கும். முனையைக் கசியும் இடத்திலேயே நிறுத்தி வைத்தால் சில நொடிகளில் அந்த அளவையே பூஜ்ஜியமாக எடுத்துக்கொண்டு அமைதியாகிவிடும். எனவே நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். வேகம் நொடிக்கு 75 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. முனைக்கும் பரப்புக்கும் இடைவெளி 9 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பையும் முழுவதுமாகச் சுற்றி வாருங்கள். ஆர்-134ஏ காற்றைவிட மூன்றரை மடங்கு கனமானது, கீழே வழியும். இணைப்பின் அடிப்பக்கத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அலாரம் வந்தால் முனையைச் சுத்தமான காற்றுக்கு எடுத்துப்போய், திரும்பவும் அதே இடத்துக்கு வாருங்கள். மூன்று முறை அதே புள்ளியில் ஒலித்தால் நம்பலாம்.

இதே குணம்தான் பழைய ஹோஸ் விஷயத்தில் கருவியைக் கைவிட வைக்கிறது. ஹோஸ் நெடுகிலும் சீராக ஊடுருவும் கேஸில் திடீர் மாற்றம் எதுவும் இல்லை. ஆகவே முனையை ஹோஸோடு ஓட்டிக்கொண்டு போனால் எதுவும் சொல்லாது. "ஹோஸ் நல்லா இருக்கு" என்று முடிவுகட்டிவிடுவார்கள். சரியான வழி: சமையலறையில் பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் உறையை ஹோஸின் ஒரு முழம் நீளத்துக்குத் தளர்வாகச் சுற்றி, இரு முனையையும் டேப் போட்டு மூடி, அரை மணி நேரம் விடுங்கள். பிறகு அடிப்பக்கத்தில் சிறு துளை போட்டு முனையை நுழையுங்கள். கேஸ் ஊடுருவியிருந்தால் உடனே ஒலிக்கும். ஒலித்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. அதே வயது ஹோஸ் எல்லாமே அப்படித்தான் இருக்கும்.

தேடுவதற்கு முன் காரைத் தயார் செய்வதில்தான் பாதி வெற்றி. எஞ்சின் ஆஃப், ஃபேன் ஆஃப், காற்றோட்டம் இல்லாத இடம். இணைப்புகளை உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள். எந்த ஸ்ப்ரேயும் வேண்டாம். எஞ்சின் நின்ற நிலையில் அழுத்தக் கேஜில் குறைந்தது 50 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு) காட்ட வேண்டும். திரவக் கேஸ் உள்ளே இருந்தால் 25 டிகிரி வெப்பத்தில் ஆர்-134ஏ சுமார் 82, 30 டிகிரியில் சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த காலைப்பொழுதில் தேடுவது வீண்.

எந்தப் பகுதியை எப்போது தேடுவது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஏசி ஓடும்போது, கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்பும் லோ சைடில் 30 பிஎஸ்ஐ அளவுதான் இருக்கும். நின்ற பிறகு அது 80, 90-க்கு ஏறும். ஆகவே கூலிங் காயில், அங்கிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் சக்ஷன் ஹோஸ், கம்ப்ரசரின் சுழல் தண்டைச் சுற்றிய ஷாஃப்ட் சீல் ஆகியவற்றை ஏசி நின்று இரு பக்க அழுத்தமும் சமமான பிறகு பாருங்கள். கண்டன்சர்களையும், கம்ப்ரசரிலிருந்து கேஸ் வெளியேறும் டிஸ்சார்ஜ் ஹோஸையும், ஏசியைப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தியவுடனே பாருங்கள்.

கரேராவில் முதலில் பார்க்க வேண்டியது கேஸ் ஏற்றும் வாய்களான சர்வீஸ் போர்ட்டுகள். ஆர்-12-இலிருந்து மாற்றிய கார்களில் போர்ட்டின் மேல் திருகிய அடாப்டரும், உள்ளே இருக்கும் வால்வு பின்னும் கசிவது சாதாரணம். மூடியைத் திறந்தவுடன் ஒருமுறை ஒலித்தால் அது தேங்கிய கேஸாக இருக்கலாம். ஊதிவிட்டு ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள். அடுத்தது எஞ்சின் மூடிக் கண்டன்சருக்குப் போகும் ஹோஸ்கள். மூடியைத் திறக்கும்போதெல்லாம் அவை வளைந்து நிமிர்கின்றன; கிரிம்ப் செய்த (நெரித்துப் பொருத்திய) கழுத்துதான் முதலில் விட்டுக்கொடுக்கும். மூடியை மேலும் கீழும் அசைத்துவிட்டு அந்தக் கழுத்தை மறுபடி சோதியுங்கள். கம்ப்ரசரில், கிளட்சுக்கும் உடம்புக்கும் இடையே உள்ள இடைவெளியில் கீழிருந்து முனையை வையுங்கள். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் கார்களில் ஷாஃப்ட் சீல் உலர்ந்துவிடும். கிளட்சைச் சுற்றி எண்ணெய் தெறித்த கோடு இருந்தால் அதுவே போதுமான சாட்சி.

முன்பக்கக் கண்டன்சரில் கல்லடி பட்ட இடங்கள், ஓரத்து வளைவுகள். பிறகு, கேஸில் கலந்த ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரின் இரு இணைப்புகள். கூலிங் காயிலைக் கழற்றாமல் சோதிக்க, ப்ளோயரை அதிக வேகத்தில் 15 நொடி ஓட்டி நிறுத்தி, பத்து நிமிடம் காத்திருங்கள். தண்ணீர் வடியும் குழாயில் முனையை நுழையுங்கள். குழாயில் ஈரம் துளியும் இருக்கக் கூடாது. பம்ப் தண்ணீரை உறிஞ்சினால் முனையின் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், சென்சாருக்கும் ஆபத்து. ஏசி ஓடி முடித்த கையோடு இதைச் செய்யாமல் காலையில் கார் உலர்ந்திருக்கும்போது செய்வதே நல்லது.

கேஸ் முழுவதும் காலியாகியிருந்தால் இந்தக் கருவிக்கு வேலை இல்லை. அப்போது நைட்ரஜன்தான். அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் இல்லாமல் சிலிண்டரை இணைக்கவே கூடாது. 150 பிஎஸ்ஐக்கு ஏற்றி, வால்வை மூடி, சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வரும் இடம் கண்ணுக்கே தெரியும். ஆக்சிஜன் எந்தக் காரணம் கொண்டும் வேண்டாம், ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். ஏர் கம்ப்ரசரின் காற்றும் வேண்டாம். ஈரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இரவு முழுவதும் விட்டு மறுநாள் கேஜைப் பார்ப்பவர்கள் வெப்பநிலையையும் குறித்துவையுங்கள். 30 டிகிரியிலிருந்து 25-க்கு இறங்கினாலே, கசிவு இல்லாமலும் 150-இல் ஏறக்குறைய 2.7 பிஎஸ்ஐ குறையும்.

யூவி டை, அதாவது புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயம், இந்தக் காருக்கு நல்ல துணை. இந்த எஞ்சின்களில் ஆயில் கசிவு புதிதல்ல. எல்லா இடமும் கறுத்துப் பிசுபிசுக்கும். எது எஞ்சின் ஆயில், எது ஏசி ஆயில் என்று டைதான் பிரித்துக் காட்டும். 7 மில்லிலிட்டர் அளவு போதும். மஞ்சள் கண்ணாடி போட்டு, இருட்டில், ஒரு வாரம் ஓட்டிய பிறகு பாருங்கள். டிடெக்டர் இணைப்பைக் காட்டும். அந்த இணைப்பின் எந்தப் பக்கம் என்பதை டை காட்டும். கசிவை அடைக்கும் ரசாயன டப்பாக்களை மட்டும் தொட வேண்டாம். கூலிங் காயிலுக்குப் போகும் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வை அடைத்துவிடும். கேஸ் மீட்கும் இயந்திரத்தையும் பாழாக்கும். பல ஒர்க்ஷாப்கள் அப்படிப்பட்ட காரைத் திருப்பி அனுப்பிவிடும்.

கண்டுபிடித்த பிறகு சரிசெய்வது. மிச்சக் கேஸை வெளியே விடாமல் இயந்திரத்தால் மீட்டெடுக்க வேண்டும். அமெரிக்கா உட்படப் பல நாடுகளில் வெளியேற்றுவது சட்டவிரோதம். இணைப்பைத் திறக்க இரண்டு ஸ்பேனர் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. ஒரே ஸ்பேனரால் திருப்பினால் அலுமினியக் குழாய் முறுக்கிக்கொள்ளும். இணைப்பை அடைக்கும் ஓ-ரிங்குகள் ஹெச்என்பிஆர் ரப்பர் வகையாக, சரியான தடிமனில் இருக்க வேண்டும். கலவைப் பெட்டியிலிருந்து "கிட்டத்தட்ட" பொருந்துவதை எடுத்துப் போட்டால் மறு கோடைக்குள் திரும்ப வருவீர்கள். பழைய கார்களில் சில இணைப்புகள் ஃபிளேர் வகையாகவும் இருக்கக்கூடும். அங்கே ஓ-ரிங் கிடையாது, கூம்புப் பரப்பில் கீறல் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஓ-ரிங்குக்குப் பூச மினரல் ஆயில் நல்லது. ஆர்-134ஏ கம்ப்ரசர்களில் பயன்படும் பேக் (PAG) ஆயில் ஈரத்தை இழுக்கும்.

ஹோஸ் மாற்றினால் பேரியர் ஹோஸும் அதற்குரிய கிரிம்ப் ஃபிட்டிங்கும்தான். பழைய பாணி கிளிப் போட்டு இறுக்குவது இதில் நிற்காது. சிஸ்டத்தைத் திறந்தால் ட்ரையரும் புதிதாக வேண்டும். ஆர்-134ஏ-வுக்கு எக்ஸ்ஹெச்-7 அல்லது எக்ஸ்ஹெச்-9 உலர்பொருள் உள்ள ட்ரையராகப் பாருங்கள். அதைக் கடைசியாகப் பொருத்துங்கள். திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தையே குடித்து முடித்துவிடும்.

பிறகு பம்பால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சும் வேக்கம்: குறைந்தது 45 நிமிடம், வெற்றிடத்தை அளக்கும் மைக்ரான் கேஜில் 500-க்குக் கீழே வரும்வரை. வேக்கம் நின்றதை வைத்துக் கசிவு இல்லை என்று சான்றிதழ் தர வேண்டாம். வேக்கத்தில் சீல் மீது விழும் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ மட்டுமே, அதுவும் எதிர்த்திசையில். 150 பிஎஸ்ஐயில் திறந்துகொள்ளும் ஓ-ரிங் வேக்கத்தில் அழகாக மூடிக்கொள்ளும். ஆர்-12 கார் ஆர்-134ஏ-வுக்கு மாறும்போது, மூல அளவின் 80 முதல் 85 சதவீதம் எடையில் தொடங்குங்கள். ஹோஸ், கண்டன்சர் மாறியிருந்தால் அந்த அளவும் மாறும். தராசும், கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் பக்கமான ஹை சைடின் கேஜும் சேர்ந்துதான் முடிவு சொல்ல வேண்டும்.

டி-டெக் செலக்டில் குறை என்று சொன்னால் இரண்டு. ஒர்க்ஷாப்களில் நாள் முழுதும் ஓடும் கருவிக்கு விலை பெரிதல்ல. ஆண்டுக்கு இரண்டு முறை எடுக்கும் தனிக் கார் உரிமையாளருக்கு முதல் விலையே கனம். பேட்டரியைச் சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் போட்டுவைத்தாலும் தேவைப்படும் அன்று கைவிடும். ஒரே கார், ஒரே கசிவு என்றால் நைட்ரஜனும் சோப்புத் தண்ணீரும் தெரிந்த ஒர்க்ஷாப்பே போதும். இரண்டு மூன்று பழைய கார்களை நீங்களே பராமரிப்பவராக இருந்தால், கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போதே முனை ஃபில்டர்கள் சிலவற்றைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். 911-இன் எஞ்சின் அறையில் முதலில் தீர்ந்துபோவது அவைதான்.