ஜிப், ரார், 7இசட், டார்: பிரிக்கப் போவது யார்?

கோப்புகளைச் சுருக்கும் முறைகளை ஒப்பிடும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி அட்டவணையில் போய் முடியும். ஒரே ஃபோல்டரை நான்கு விதமாகச் சுருக்கி, எது எத்தனை எம்பி வந்தது என்று வரிசைப்படுத்தியிருப்பார்கள். 7இசட் முன்னால், ரார் அதை ஒட்டி, ஜிப் கடைசியில். வரிசை தப்பில்லை. ஆனால் அன்றாட வேலையில் அதை வைத்து முடிவெடுக்க முடியாது. சுருக்குவது நம் கணினியில், நம் கண்முன்னால், ஒரே ஒரு முறை நடக்கிறது. பிரிப்பதோ வேறு யாரோ ஒருவரின் கணினியில், வேறு மென்பொருளில், சில சமயம் பல வருடங்கள் கழித்து நடக்கிறது. "திறக்கவே மாட்டேங்குது" என்று பதில் வருவதெல்லாம் அந்த முனையிலிருந்துதான். அதனால் இங்கே எல்லாவற்றையும் பிரிப்பவரின் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

அளவில் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது

ஜிப் 1989இல் ஃபில் கட்ஸ் கொண்டுவந்தது. அதில் வழக்கமாகப் பயன்படும் டிஃப்ளேட் முறை, ஒரு தகவல் முன்பே வந்திருக்கிறதா என்று 32 கேபி தூரம் வரைதான் திரும்பிப் பார்க்கும். அதோடு ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகச் சுருக்கும். ஈகோர் பாவ்லோவ் 1999இல் வெளியிட்ட 7-ஜிப் மென்பொருள், எல்இசட்எம்ஏ என்ற முறையில் பல எம்பி தூரம் திரும்பிப் பார்க்கிறது. அதன் சொந்த வடிவமான 7இசட்டில் கோப்புகளை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே நீளமான ஓடையாகச் சுருக்குவதால், ஒரு கோப்பில் இருப்பது அடுத்த கோப்பிலும் வந்தால் அதையும் கண்டுபிடித்துவிடும். இதற்கு 'சாலிட்' என்று பெயர்.

நீங்களே பார்க்கலாம். 5 எம்பி அளவுள்ள ஒரு ஜேபெக் படத்தை ஒரே ஃபோல்டரில் இரண்டு பெயர்களில் வையுங்கள். ஜிப் செய்தால் கிட்டத்தட்ட 10 எம்பி வரும். 7இசட்டாகச் செய்தால் ஏறத்தாழ 5 எம்பிதான். இரண்டாவது படம் முதலாவதன் நகல் என்பது அதற்குத் தெரிந்துவிடுகிறது. ஜிப்புக்கு 32 கேபிக்கு முன்னால் நடந்தது எதுவும் நினைவில்லை.

இதே சோதனை இன்னொன்றையும் காட்டும். தனியாக ஒரு ஜேபெக் படத்தை எதில் போட்டாலும் பெரிதாக இளைக்காது. எம்பி4, எம்பி3 எல்லாம் அப்படியே. ஏற்கெனவே சுருக்கப்பட்டவை அவை. கல்யாண வீடியோ ஃபோல்டரை 7-ஜிப்பின் 'அல்ட்ரா' என்ற உச்ச நிலையில் வைத்துச் சுருக்க உட்கார்ந்தால் கணினியின் விசிறி சத்தம் போடும், வேறு ஒன்றும் நடக்காது. அந்த மாதிரிக் கோப்புகளைச் சுருக்காமல் ஒரே கட்டாக மட்டும் சேர்க்க 7-ஜிப், ரார் செய்யும் வின்ரார் இரண்டிலும் 'ஸ்டோர்' என்ற நிலை இருக்கிறது. அது போதும்.

வேர்டு, எக்செல் ஆவணங்களுக்கும் இது பொருந்தும். ஒரு டாக்எக்ஸ் கோப்பின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள்: உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகளும் படங்களும் ஃபோல்டர் ஃபோல்டராக அடுக்கியிருக்கும். ஈபப் மின்னூலும் ஆண்ட்ராய்டின் ஏபிகேயும் இதே ரகம்தான். ஆக 7இசட்டின் உண்மையான வெற்றி எளிய உரை, மூல நிரல், சிஎஸ்வி, லாக், தரவுத்தளப் பிரதி போன்றவற்றில்தான். அங்கே வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அந்த வெற்றிக்குப் பிரிப்பவர் கொடுக்கும் விலை ரேம். 7-ஜிப்பில் 'டிக்ஷனரி சைஸ்' என்று ஒரு பெட்டி உண்டு; எவ்வளவு தூரம் திரும்பிப் பார்ப்பது என்பதுதான் அது. சுருக்கும்போது அந்த அளவைப்போல் பத்து மடங்குக்கு மேல் நினைவகம் தேவைப்படும். பிரிக்கும்போது ஏறத்தாழ அந்த அளவே. 64 எம்பி என்றால் யாருக்கும் தொந்தரவில்லை. ஒரு ஜிபி என்று வைத்து அனுப்பினால், பெறுபவரின் பழைய லேப்டாப் மூச்சு வாங்கும். இன்னொன்று: பத்தாயிரம் கோப்புகள் உள்ள சாலிட் கட்டிலிருந்து ஒரே ஒரு கோப்பு வேண்டும் என்றாலும், அதற்கு முன்னால் இருப்பதையெல்லாம் விரித்துக்கொண்டே வர வேண்டும். ஜிப்பில் நேராக அந்த இடத்துக்குப் போய் எடுத்துக்கொள்ளலாம். அடிக்கடி ஒன்றிரண்டு கோப்புகளை மட்டும் உருவும் காப்பகத்துக்கு ஜிப்பே மேல்.

ஜிப் எங்கும் திறக்கும், தமிழ்ப் பெயர்களைத் தவிர

யார் திறக்கப்போகிறார்கள் என்று தெரியாவிட்டால் ஜிப். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எக்ஸ்பி காலத்திலிருந்தே விண்டோஸ் அதை ஃபோல்டர் மாதிரித் திறக்கிறது. மேக்கில் டபுள் கிளிக் போதும். லினக்ஸ் டெஸ்க்டாப்களிலும் கேட்கவே வேண்டாம்.

ஆனால் தமிழில் பெயர் வைக்கும் நமக்கு ஒரு கண்ணி இருக்கிறது. ஜிப் வடிவத்தின் பழைய மரபுப்படி, கோப்புப் பெயர்கள் 437 என்ற டாஸ் கால எழுத்துத் தொகுப்பில் இருக்க வேண்டும். அதில் தமிழுக்கு இடமே கிடையாது. பெயர் யூடிஎஃப்-8இல் (யூனிகோடை எழுதும் ஒரு முறை) இருக்கிறது என்று சொல்லும் அடையாளக் கொடி ஒன்று பின்னாளில் சேர்க்கப்பட்டது. அந்தக் கொடியை வைக்காத மென்பொருளில் செய்தாலோ, கவனிக்காத மென்பொருளில் பிரித்தாலோ 'கணக்கு' என்ற பெயர் கேள்விக்குறி வரிசையாகவோ புரியாத கிறுக்கலாகவோ வந்து நிற்கும். உள்ளே இருக்கும் தகவல் பத்திரமாகத்தான் இருக்கும். ஐம்பது கோப்புகளில் எது எது என்றுதான் தெரியாது. 7இசட் தொடக்கத்திலிருந்தே யூனிகோடு. இந்தத் தலைவலி அதில் இல்லை.

நீளமும் ஒரு சிக்கல். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் பொதுவாக 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். 'கோப்பு' என்ற மூன்றெழுத்துச் சொல், யூனிகோடில் ஆறு குறிகள். யூடிஎஃப்-8இல் குறிக்கு மூன்று பைட் வீதம் 18 பைட். அப்படியானால் 85 குறிகளில் இடம் முடிந்துவிடும். விண்டோஸ் எண்ணும் முறை வேறு என்பதால் அங்கே நூறு குறி நீளத்தில் பெயர் வைத்தாலும் ஏற்கும். அதையே லினக்ஸில் பிரிக்கும்போது 'பெயர் மிக நீளம்' என்று அந்த ஒரு கோப்பு மட்டும் வராமல் போகும். எந்த வடிவத்தில் சுருக்கினாலும் இது நடக்கும். கட்டுரைத் தலைப்பையே கோப்புப் பெயராக வைக்கும் பழக்கமுள்ளவர்கள் கொஞ்சம் சுருக்கிக்கொள்வது நல்லது.

மேக்கில் செய்த ஜிப்பை விண்டோஸில் பிரித்தால், 'மேக்ஓஎஸ்எக்ஸ்' என்ற பெயரில் கூடுதலாக ஒரு ஃபோல்டர் வரும். வைரஸ் இல்லை. அழித்துவிடலாம்.

பாதியில் நின்ற டவுன்லோடு

இங்கேதான் ராரின் முறை வருகிறது. யூஜின் ரோஷல் 1993இல் உருவாக்கியது. இன்று ரார் எதற்கு என்று கேட்டால், உடைந்த கோப்பை ஒட்டவைக்க என்பதே என் பதில்.

ஜிப்பின் உள்ளடக்கப் பட்டியல் கோப்பின் கடைசியில் இருக்கிறது. டவுன்லோடு 95 சதவீதத்தில் அறுந்தால் பட்டியலே இருக்காது. விண்டோஸ் 'செல்லாத கோப்பு' என்று கையை விரித்துவிடும். ஆனால் ஒவ்வொரு கோப்புக்கு முன்னாலும் அதன் விவரம் சொல்லும் ஒரு சிறு தலைப்பு இருப்பதால், 7-ஜிப் போன்றவற்றில் திறந்தால் ஓர் எச்சரிக்கையோடு வந்த வரையிலாவது எடுத்துவிடலாம். 7இசட்டிலும் பட்டியல் கடைசியில்தான், வழியில் தலைப்புகளும் இல்லை. வால் அறுந்த 7இசட் கோப்பு ஏறக்குறைய முழு நஷ்டம். அதிகமாகச் சுருக்கும் வடிவமே அதிகம் பொறுமையில்லாததும்.

ராரில் தலைப்புகள் வரிசையாக வருவதால், அறுந்த இடம் வரை பிரிக்கலாம். அதற்கு மேல் 'ரெகவரி ரெக்கார்டு' என்ற வசதி இருக்கிறது. சுருக்கும்போதே அதை டிக் செய்து, சில சதவீதம் கூடுதல் இடம் கொடுத்தால், பின்னால் டிஸ்க்கில் ஏதாவது பகுதி கெட்டாலும் ஏறத்தாழ அந்த அளவுச் சேதத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். ஜிப்பும் 7இசட்டும் கெட்டுவிட்டது என்று சொல்லும், சரிசெய்யத் தெரியாது. வேண்டுமானால் பழுதுபார்க்க உதவும் 'பார்2' கோப்புகளைத் தனியாக உருவாக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

ராரின் குறை அதன் உரிமம். பிரிக்கும் நிரலின் மூலம் வெளியில் கிடைக்கிறது, ஆனால் அதை வைத்து ராரின் சுருக்கும் முறையை மறுபடி உருவாக்கக் கூடாது. அதனால்தான் 7-ஜிப் ராரைப் பிரிக்கும், உருவாக்காது. உருவாக்க வின்ரார்தான் வேண்டும். 40 நாள் சோதனைக் காலம் முடிந்தும் அது ஒரு நினைவூட்டலோடு ஓடிக்கொண்டே இருப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்காக அது இலவசம் ஆகிவிடாது. அலுவலகக் கணினி என்றால் உரிமம் வாங்கியாக வேண்டும்.

பாஸ்வேர்டு போட்டால் மட்டும் பூட்டு ஆகாது

ஜிப்பின் பழைய குறியாக்கம் 1994லேயே உடைக்கப்பட்டது. உள்ளே இருக்கும் ஒரு கோப்பின் சில பைட்கள் என்னவென்று ஊகிக்க முடிந்தால் போதும், பாஸ்வேர்டே தெரியாமல் திறந்துவிடலாம். பல வகைக் கோப்புகள் எப்போதும் ஒரே மாதிரி எழுத்துகளோடு தொடங்குவதால் அந்த ஊகம் அவ்வளவு கடினமும் இல்லை. ஜிப்பிலேயே ஏஇஎஸ்-256 என்ற வலுவான முறையும் உண்டு. ஆனால் 7-ஜிப்பில் ஜிப் வடிவத்தைத் தேர்ந்தால் முதலில் வந்து நிற்பது பழைய முறைதான். கீழே இருக்கும் பட்டியலில் நாமே மாற்ற வேண்டும். மாற்றினாலோ, விண்டோஸில் உள்ளடங்கிய வசதியை மட்டும் நம்பியிருப்பவரால் திறக்க முடியாமல் போகலாம். அதோடு எந்த முறையானாலும் ஜிப்பில் கோப்புப் பெயர்கள் பாஸ்வேர்டு இல்லாமலே தெரியும். 'ராஜினாமா_கடிதம்' என்று பெயர் வைத்திருந்தால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவே வேண்டாம்.

ரகசியம் முக்கியம் என்றால் 7இசட் அல்லது ரார். இரண்டிலும் பெயர்களையும் சேர்த்து மறைக்க ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அது தானாக வராது, நாம்தான் டிக் செய்ய வேண்டும்.

லினக்ஸ் பக்கம்

டார் எதையும் சுருக்காது. கோப்புகளை ஒரே வரிசையில் கோர்க்கும், அவ்வளவுதான். காந்த நாடாவில் எழுதுவதற்காக 1979 வாக்கில் யூனிக்ஸில் வந்தது. சுருக்கும் வேலையை ஜிஜிப், எக்ஸ்இசட், இசட்ஸ்டாண்டர்டு போன்றவை தனியாகச் செய்யும். கோப்பின் உரிமையாளர், அனுமதிகள், சிம்பாலிக் இணைப்புகள் (வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழிகள்) எல்லாம் அப்படியே வேண்டும் என்றால் டார்தான். உரிமையாளர் விவரத்தை 7இசட் சேமிப்பதில்லை, ஆகவே லினக்ஸ் ஃபோல்டர்களின் பேக்கப்புக்கு அது ஆகாது.

எதைக் கொண்டு சுருக்குவது என்பதற்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஆர்ச் லினக்ஸ் நல்ல உதாரணம். 2019 கடைசியில் அவர்கள் தங்கள் மென்பொருள் தொகுப்புகளை எக்ஸ்இசட்டிலிருந்து இசட்ஸ்டாண்டர்டுக்கு மாற்றினார்கள். அளவு மொத்தமாக 0.8 சதவீதம் கூடியது. பிரிக்கும் வேகம் 1300 சதவீதம் ஏறியது. சுருக்குவது ஒருவர், பிரிப்பது லட்சம் பேர் என்றால் வேறு எப்படி முடிவெடுப்பார்கள்?

எந்த மென்பொருள்

2023இல் விண்டோஸ் 11 ரார், 7இசட், டார் வகைகளையும் தானாகவே பிரிக்கக் கற்றுக்கொண்டது. அடுத்த வருடம் 7இசட், டார் உருவாக்கவும். அப்படியென்றால் தனி மென்பொருள் எதற்கு? எப்போதாவது ஒன்றைப் பிரிப்பவருக்குத் தேவையில்லைதான். ஆனால் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் உள்ள ஜிப்பை எக்ஸ்ப்ளோரரில் பிரித்துப் பாருங்கள், பச்சைப் பட்டை நகர்வதற்குள் 7-ஜிப் முடித்திருக்கும். எக்ஸ்ப்ளோரரில் இன்னொரு ஆபத்தும் உண்டு: ஜிப் ஃபோல்டர் மாதிரியே திறப்பதால், பலர் பிரிக்காமலே உள்ளிருக்கும் ஆவணத்தைத் திறந்து திருத்த ஆரம்பித்துவிடுவார்கள். திறந்தது தற்காலிக நகல். திருத்தியது அதோடு போய்விடும்.

7-ஜிப், வின்ரார் இரண்டில் எனக்கு 7-ஜிப்தான். இலவசம், திறமூலம், சிறியது. முகம் மட்டும் இருபது வருடப் பழசு. அது உறுத்தினால், முழுக்க இலவசமான பீஜிப் இருக்கிறது. மேக்கில் கேக்கா. ரெகவரி ரெக்கார்டு வேண்டுமென்றால் மட்டும் வின்ராருக்குப் பணம் கொடுப்பேன்.

எதை வைத்திருந்தாலும் அதன் பதிப்பு எண்ணை அவ்வப்போது பாருங்கள். 7-ஜிப்பும் வின்ராரும் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளாது. வின்ராரில் 2019இல் வெளியே தெரிந்த பாதுகாப்பு ஓட்டை ஒன்று, யாரும் பயன்படுத்தாத ஏஸ் என்ற பழைய வடிவத்துக்கான நிரலில் பத்தொன்பது வருடமாக இருந்தது. 2023இல் ஒன்று, 6.23 பதிப்பில் அடைக்கப்பட்டது. 2025இல் இன்னொன்று: சுருக்கக் கோப்பைப் பிரித்தால், நாம் சொன்ன ஃபோல்டரை விட்டு உள்நுழையும்போது தானாக ஓடும் நிரல்கள் இருக்கும் விண்டோஸின் ஸ்டார்ட்அப் ஃபோல்டருக்குள்ளேயே ஒரு நிரலை இறக்க முடிந்தது. அது 7.13இல் சரியானது. 7-ஜிப்பும் விதிவிலக்கல்ல. இணையத்திலிருந்து வந்த கோப்பு என்ற அடையாளத்தைப் பிரித்த கோப்புகளுக்கும் கடத்தும் வசதி அதில் 2022இல்தான் வந்தது, அதையும் நாமே அமைப்புகளில் போய் இயக்க வேண்டியிருந்தது. பிறகு அந்த வசதியை ஏமாற்றும் ஓட்டை ஒன்று 24.09 பதிப்பில் அடைக்கப்பட்டது. ஹெல்ப் மெனுவில் 'அபவுட்' என்பதை அழுத்துங்கள். 7-ஜிப் 24.09க்கும், வின்ரார் 7.13க்கும் கீழே இருந்தால், மின்னஞ்சலோடு வந்திருக்கும் சுருக்கக் கோப்பைப் புதிய பதிப்பைப் போட்ட அப்புறம் பிரியுங்கள்.