பழைய நாணயம் என்று சொல்லி 8,500 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள். ஜாக்கிரதை!

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், இன்னொருவராவது தப்பிக்கட்டும். பழைய காசு கையில் இருந்தால் என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு செப்பு வில்லை கிடைத்தது. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம். மறுபக்கம் ஆங்கிலத்தில் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஒன் அணா, 1818. பழைய பொருள்களை வாங்கி விற்கும் ஓர் இணையதளத்தில் "இது என்ன காசு?" என்று படம் போட்டேன். ஒருவர் கூப்பிட்டார்.

முதலில் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "புளி போட்டுத் தேய்த்துவிடாதீங்கம்மா, அந்தக் களிம்பு அப்படியே இருக்கட்டும், தேய்த்தால் மதிப்பு போயிடும்" என்றார். ஓரத்தைக் கிட்டத்தில் படம் எடுக்கச் சொன்னார், எடை கேட்டார். விஷயம் தெரிந்தவர் பேசுகிற பேச்சு அது. அங்கேதான் நம்பினேன்.

அப்புறம், 12 லட்சத்துக்கு ஆள் தயார், ரிசர்வ் வங்கிச் சான்றிதழ் மட்டும் வேண்டும், கட்டணம் 8,500 ரூபாய், விற்றதும் திரும்பி வந்துவிடும் என்றார். சிங்க முத்திரையோடு ஒரு தாள் வாட்ஸ்அப்பில் வந்தது. 8,500 ரூபாயை அனுப்பினேன்.

அதோடு சரி. "சார் மீட்டிங்ல இருக்கார்." "சர்வர் வேலை செய்யலை." பிறகு, வரி 22,000 கட்டினால்தான் ஃபைல் நகருமாம். என் 8,500-ஐத் திருப்பிக் கொடுங்கள் என்றால், "அது கவர்மென்டுக்குப் போயிடுச்சு மேடம்" என்று பதில். இணையதளத்துக்கு எழுதினேன். விளம்பரம் போட இடம் கொடுப்பது மட்டும்தான் அவர்கள் வேலையாம், கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பில்லையாம். எத்தனை முறை எழுதினாலும் அதே நாலு வரி.

நாணயம் சேர்க்கும் உறவினர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்: கம்பெனி அடித்த காசே இல்லை, பக்திக்காக விற்கும் ராமடங்கா வகை வில்லை. பிரிட்டிஷ் அரசு ஒரு அணா நாணயத்தைப் புழக்கத்தில் விட்டதே 1907-ல்தானாம். கம்பெனியின் 1835 கால் அணாவைக் காட்டினார். அதில் சாமி படம் இல்லை, கம்பெனியின் சின்னம்தான் இருக்கிறது. அரிசியைத் தன் பக்கம் இழுக்கும் அபூர்வ சக்தி இருக்கிறது என்று கதை கட்டிப் பணம் பறிக்கும் 'ரைஸ் புல்லிங்' கும்பலும் இந்த மாதிரி வில்லைகளை வைத்து ஏமாற்றுவதுண்டு.

பழைய காசு, நோட்டு வாங்கி விற்பதில் தனக்குச் சம்பந்தமே இல்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. அந்த வங்கியின் பெயரைச் சொல்லித்தான் என்னிடம் 8,500 ரூபாய் பிடுங்கினார்கள்!

விவரமாக எழுத இப்போது மனசு இல்லை. முன்பணம் கேட்டால் போனை வையுங்கள். காசில் போட்டிருக்கும் ஆண்டை மட்டும் வைத்து நம்பாதீர்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவு இருக்கிறது, அங்கே போய் ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே இணையப் பண மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். நான் புகார் கொடுத்துவிட்டேன். 8,500 ரூபாய் கைக்கு வரும்வரை விடப்போவதில்லை.