ஆர்வி-10 வால் பகுதி கிட்: கட்டிப் பார்த்ததில் என் கருத்து

வீட்டில் விமானம் கட்டுகிறேன் என்று சொன்னால் ஹூஸ்டனில் என் நண்பர்கள் உடனே கேட்பது, எவ்வளவு செலவாகும் என்று. நான் அவர்களிடம் கேட்பது, உட்கார்ந்து ரிவெட் (தகடுகளை இணைக்கும் உலோக ஆணி) அடிக்க உங்களுக்குப் பிடிக்குமா என்று. அது முதலில் தெரிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்வி-10 விமான வால் கிட்டை (நாமே பூட்டிக் கட்டும் பாகங்களின் தொகுப்பு) விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆரிகன் மாநிலத்தில் அரோரா என்ற ஊரில் இருக்கும் நிறுவனம் இது. ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் 1973ல் ஆரம்பித்தது. ஆர்வி-10 நான்கு பேர் உட்காரும் மாடல். வால், இறக்கை, உடல், கடைசிக்கட்ட பாகங்கள் என்று கிட்டைத் தனித்தனியாக வாங்கலாம். மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் போட வேண்டியதில்லை. வால் முடிந்ததும் இது நமக்குச் சரிவராது என்று தோன்றினால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பெட்டியைத் திறந்ததும் நீல பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அலுமினியத் தகடுகள், எண் போட்ட பாகங்கள், பழுப்புக் காகிதப் பைகளில் ரிவெட்டுகள். பட்டியலோடு வைத்து எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். பொறுமையான வேலை, ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

இந்தக் கிட்டின் உயிர் அதன் துளைகளில் இருக்கிறது. பெரும்பாலானவை தொழிற்சாலையிலேயே கணினி இயந்திரத்தில் போட்டு வருகின்றன. தகட்டை விலா (உள்ளே வடிவம் தந்து தாங்கும் சட்டம்) மேல் வைத்து க்ளீகோ (தகடுகளைத் தற்காலிகமாகப் பிடிக்கும் ஸ்பிரிங் ஊசி) குத்தினால் வரிசை முழுக்க அப்படியே பொருந்துகிறது. செங்குத்து வாலை முதல்முறை பூட்டி நிறுத்தியபோது வளைவோ முறுக்கோ கொஞ்சமும் இல்லை. அளந்து, குறித்து, துளை போட்டுக் கட்டிய அந்தக் காலத்து ஆட்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அப்புறம்தான் உண்மையான வேலை. பூட்டியதை எல்லாம் கழற்றி, துளை ஓரங்களின் பிசிரை எடுத்து, டிம்பிள் (ரிவெட் தலை தகட்டோடு மட்டமாகப் பதிய துளையைச் சுற்றி அழுத்தும் குழி) போட்டு, பிரைமர் (அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடித்து, மறுபடி பூட்டி, கடைசியில் ரிவெட். தகட்டில் பெரும்பாலும் வருவது 3/32 அங்குல ரிவெட், அதாவது சுமார் 2.4 மில்லிமீட்டர். அடித்து நசுங்கிய பின் மறுமுனையில் உருவாகும் தலை ஏறக்குறைய 3.6 மில்லிமீட்டர் அகலமும் 1.2 மில்லிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். சாய்ந்தாலோ, அதிகம் நசுங்கினாலோ துளைத்து எடுத்துவிட்டு வேறு போட வேண்டும். நிறைய இடங்களில் இரண்டு பேர் வேண்டும். என் மனைவி வெளியே ரிவெட் கன் பிடிப்பார், நான் உள்ளே கையை விட்டு பக்கிங் பாரை (ரிவெட்டின் மறுமுனையை நசுக்கும் கனமான உலோகக் கட்டி) அழுத்திப் பிடிப்பேன். கை எட்டாத மூலைகளில் சின்னதாக இருந்தாலும் கனமான டங்ஸ்டன் உலோக பார் இருந்தால் பெரிய நிம்மதி. அதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு கடையில் மலிவாக வாங்கிய பாரின் முகம் கரடுமுரடாக இருந்து ரிவெட் தலைகளில் எல்லாம் கோடு விழுந்தது.

சுக்கானின் (செங்குத்து வாலில் இடம் வலம் அசையும் பகுதி) பின்விளிம்புதான் இந்தக் கிட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அது நூல் பிடித்தாற்போல் நேராக இருக்க வேண்டும். நீளமான அலுமினிய ஆங்கிளில் (எல் வடிவப் பட்டை) துளைகள் போட்டு, பின்விளிம்பை அதில் க்ளீகோவால் இறுக்கி, உள்ளே தடவிய சீலண்ட் பசை காயும்வரை தொடாமல் விட்டு, பிறகு வரிசையாக அடிக்காமல் அங்கொன்று இங்கொன்றாக மாற்றி மாற்றி ரிவெட் அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் அலை அலையாக நெளிந்துவிடும்.

கையேடு தெளிவாக இருக்கிறது. ஆனால் பிரைமர் அடிப்பதா, எதை அடிப்பது என்பதில் முடிவு நம்முடையது. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் நான் எல்லாவற்றுக்கும் அடித்தேன். வீட்டில் விமானம் கட்டுபவர்களுக்கான ஈஏஏ அமைப்பின் தொழில்நுட்ப ஆலோசகர்கள் இலவசமாகவே வந்து வேலையைப் பார்த்துச் சொல்வார்கள். கட்டாயம் கூப்பிடுங்கள்.

வீட்டில் கட்டிய விமானம் என்ற வகையில் அனுமதி பெற, அமெரிக்க விதிப்படி பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கட்டுபவர்கள், கல்விக்காகவோ பொழுதுபோக்காகவோ தாங்களே செய்திருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக் குறித்து வையுங்கள். பின்னால் ரிப்பேர்மேன் சான்றிதழ் கேட்கும்போதும் அது உதவும். சான்றிதழ் கிடைத்தால் வருடாந்திரப் பரிசோதனையை நாமே செய்யலாம்.

ரிவெட்டே அடித்ததில்லை என்றால், இதே நிறுவனம் விற்கும் சின்னப் பயிற்சிக் கிட்டை முதலில் வாங்குங்கள். அதில் கை பழகியபின் வாலைத் தொட்டால் தைரியமாக இருக்கும்.

பாதி கட்டிய கிட்டை மற்றவரிடம் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஒரு காலகட்டத்தில் லேசரில் வெட்டிய பாகங்கள் சில வாடிக்கையாளர்களுக்குப் போய், டிம்பிள் போடும்போது சிலவற்றில் துளை ஓரம் விரிசல் விட்டது. அது 2023ல் பெரிய பிரச்சினையாகி, நிறுவனம் அந்த டிசம்பரில் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கோரியது. 2024ல் மீண்டு வந்து இப்போதும் கிட் விற்கிறது. ஆனால் பழைய பாகங்கள் இன்னும் யார் கராஜிலாவது இருக்கலாம். கிட் எப்போது வந்தது, லேசரில் வெட்டிய பாகங்கள் மாற்றப்பட்டனவா என்று ரசீதோடு கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.