உப்பளத்து வெயிலுக்கு எந்தக் கூலிங் கிளாஸ்?

தூத்துக்குடியில் உப்பளத்து வேலைக்குப் போகும் என் அத்தைக்கு வலது கண்ணில், மூக்குப் பக்கத்து ஓரத்தில், சதை வளர ஆரம்பித்தது. வெள்ளைப் படலம் ஒன்று முக்கோணமாகக் கருவிழியை நோக்கி ஏறி வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "வெயிலும் காத்தும் தூசியும்தாம்மா காரணம். இனிமேலாவது கண்ணாடி போடுங்க" என்றார். அத்தை அன்றைக்கே நடைபாதைக் கடையில் 150 ரூபாய்க்கு நல்ல கறுப்பாக ஒன்று வாங்கிக்கொண்டார். "கண்ணு கூசவே மாட்டேங்குது" என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கு அங்கேதான் கவலை பிடித்தது.

கூசாமல் இருப்பது வேறு, புற ஊதாக் கதிர் உள்ளே போகாமல் இருப்பது வேறு. கூச்சத்தைக் குறைப்பது சாயம். புற ஊதாவைத் தடுப்பது லென்ஸின் பிளாஸ்டிக்கும் அதில் சேர்க்கும் மருந்தும். சாயம் மட்டும் இருந்து தடுப்பு இல்லையென்றால், இருட்டுக்குக் கண்பாப்பா விரியும், நாமும் கண்ணைச் சுருக்க மாட்டோம். வெறுங்கண்ணுக்கு இருந்த இயற்கையான காவலும் போய்விடும்.

அதனால் எதைப் பார்த்தாலும் முதல் கேள்வி, அது 400 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள புற ஊதாக் கதிரைத் தடுக்கிறதா என்பதுதான். 'யூவி 400' என்பதன் பொருள் அதுவே. ஆனால் ஸ்டிக்கர் யாரும் அச்சடிக்கலாம். கண்ணாடிக் கடைகள் பலவற்றில் யூவி மீட்டர் இருக்கிறது, கேட்டால் ஒரு நிமிடத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். வீட்டில் நான் செய்தது கள்ளநோட்டுப் பார்க்கும் யூவி டார்ச் வைத்து. ரூபாய் நோட்டின் எண் அந்த வெளிச்சத்தில் ஒளிரும். டார்ச்சுக்கும் நோட்டுக்கும் நடுவில் லென்ஸைப் பிடித்து, நோட்டைப் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். லென்ஸ் வழியாகப் பார்த்தால் சாயமே மறைத்துவிடும். அத்தையின் கறுப்புக் கண்ணாடியைப் பிடித்தேன். எண் பளிச்சென்று ஒளிர்ந்தது. கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருந்த என் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் பவர் கண்ணாடியைப் பிடித்தேன். எண் அணைந்தே போனது. இது அளவு சொல்லும் சோதனை அல்ல, இருந்தாலும் மோசமானதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நடைபாதைக் கண்ணாடி எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. அதே கடையில் இன்னொன்று நன்றாகவே தடுத்தது. எது தடுக்கும் என்று விலையோ நிறமோ சொல்லாது, சோதிக்காமல் வாங்கக்கூடாது, அவ்வளவுதான்.

அடுத்தது, கம்பெனிக் கடைகளில் கிடைக்கும் யூவி 400 ஃபேஷன் கண்ணாடி. தடுப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலும் தட்டையான சட்டம், பக்கவாட்டில் விரல் நுழையும் இடைவெளி. ஊருக்குள் நடக்கப் போதும், உப்பளத்துக்குப் போதாது. பக்கவாட்டில் நுழையும் கதிரைக் கருவிழி தன் வளைவால் மடக்கி மூக்குப் பக்க ஓரத்தில் குவிக்கிறது. சதை பெரும்பாலும் அந்த ஓரத்திலேயே வளர்வதற்கு அதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அப்புறம், உப்பளத்தில் கதிர் மேலிருந்து மட்டும் வருவதில்லை. காய்ந்த மணலே 15 சதவீதம் போலத் திருப்பி அனுப்பும், புதுப்பனி 80 சதவீதம் வரை அனுப்பும். வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்த பாத்திக்குள் குனிந்து நிற்பவருக்குக் கீழிருந்தும் அடிக்கும். முக்காடு மேலே மட்டும்தான் காக்கும்.

போலரைஸ்டு கண்ணாடியைத்தான் எல்லாரும் 'பெஸ்ட்' என்று தள்ளுவார்கள். அது தடுப்பது தண்ணீர், தார்ச்சாலை போன்ற கிடைமட்டப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் பளபளப்பை. புற ஊதாத் தடுப்பு தனியாக இருக்க வேண்டும், பேரிலேயே அது அடங்காது. வள்ளத்தில் போகிறவர்களுக்கும் நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் காசுக்கு ஏற்ற பொருள், சந்தேகமே இல்லை. உப்பளத்தில் நீர் நிற்கும் பாத்தியில் உதவும். காய்ந்த உப்புக் குவியலில் ஒளி நாலாபக்கமும் சிதறுவதால், சாதாரணச் சாயத்தைவிடப் பெரிதாக எதுவும் செய்யாது. பைக்கின் டிஜிட்டல் மீட்டரும் செல்போன் திரையும் சில கோணங்களில் இருண்டு தெரியும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் கறுத்து நிழலில் வெளுக்கும் ஃபோட்டோகுரோமிக் லென்ஸ் பவர் போடுகிறவர்களுக்கு வசதி. வெளுத்திருக்கும்போதும் அது புற ஊதாவைத் தடுக்கும். ஆனால் நம் ஊர்ச் சூட்டுக்கு அது முழுதாகக் கறுக்காது. குளிர்ந்த இடத்தில்தான் நன்றாகக் கறுக்கும். காருக்குள்ளும் ஏமாற்றம்தான், முன்கண்ணாடியே புற ஊதாவைப் பெரும்பாலும் நிறுத்திவிடுவதால் லென்ஸுக்கு வேலை தொடங்காது.

சரி, நான் அத்தைக்கு வாங்கியது எது? ஹார்டுவேர் கடையில் வெல்டிங் கையுறைக்குப் பக்கத்தில் தொங்கும் 'ஸ்மோக்' சேஃப்டி கண்ணாடி. பாலிகார்பனேட், கன்னத்தை ஒட்டி வளைந்து பக்கங்களை மூடுகிறது, எடை தெரிவதில்லை, விலை நடைபாதைக் கண்ணாடியைவிடக் கொஞ்சம்தான் கூட. லென்ஸில் அல்லது சட்டத்தில் பொறித்திருப்பதைப் படியுங்கள். 'இசட்87' இருந்து கூடவே 'யூ6' இருந்தால் அமெரிக்கத் தரத்தில் உயர்ந்தபட்சப் புற ஊதாத் தடுப்பு. '5-2.5' அல்லது '5-3.1' என்றிருந்தால் ஐரோப்பியத் தரத்து வெயில் லென்ஸ். எழுத்தே இல்லாததை எடுக்காதீர்கள். தெறிக்கும் உப்புக் கல்லும் காற்றில் வரும் மண்ணும் கண்ணில் விழாது என்பதற்காகவே இதற்கு என் முழு ஓட்டு. அழகில்லை என்பது உண்மை. பவர் போடுகிறவர்களுக்கு மேலே மாட்டும் அகலமான வகை தனியாக வருகிறது.

நிறத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். சாம்பல் நிறம் சிக்னல் விளக்கைச் சரியாகக் காட்டும், பழுப்பும் பரவாயில்லை. கருமையை 0 முதல் 4 வரை வகைப்படுத்துகிறார்கள். நம் வெயிலுக்கு 3 சரி. 4ஐப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது.

இன்னொன்று, உச்சிவெயிலில் மட்டும் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். உச்சியில் புருவ மேடு கண்ணுக்குக் கொஞ்சம் நிழல் தரும். காலை எட்டு, ஒன்பது மணிச் சாய்வெயில் நேராகக் கண்ணுக்குள் பாயும்.

முதல் வாரம் அத்தை கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து, உப்புப் பொடி உரசி லென்ஸ் முழுக்கக் கீறல். தடுப்பு குறையாது, ஏனென்றால் அது பிளாஸ்டிக்குக்குள்ளேயே இருக்கிறது; பார்வைதான் மங்கும். நல்ல தண்ணீரில் அலசிவிட்டு அப்புறம் துடைக்கச் சொன்னேன். இப்போது வீட்டுக்குக் கிளம்பும்போது குடிதண்ணீர் பாட்டிலில் கடைசி இரண்டு மடக்கைக் கண்ணாடிக்கென்று மிச்சம் வைக்கிறார்.