மெடிக்கல் கார்டா, ஜி.எச்.சா? எங்கள் வீட்டில் போட்ட கணக்கு

2024 அக்டோபரில் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மாதம் 238 வெள்ளி (ரிங்கிட்) கட்டிக்கொண்டிருந்த என் மெடிக்கல் கார்டு, அதாவது மருத்துவக் காப்புறுதி, அடுத்த வருடத்திலிருந்து 371 வெள்ளி ஆகும் என்று இரண்டாவது பக்கத்தில், நடுவில் ஒரு வரியில் போட்டிருந்தார்கள். வேலை முடிந்து பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸிலிருந்து பாலம் தாண்டி வீடு வந்து சேர எட்டு மணி ஆகிவிட்டது. மனைவி அந்த வரியின் கீழே பேனாவால் கோடு போட்டு, கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தார். 13 வருடமாக அந்தக் கார்டில் ஒரு தடவைகூட கிளெயிம் செய்ததில்லை. அதற்காக விலை குறையாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதே வருடம் டிசம்பரில் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, இந்த உயர்வை ஒரே தடவையில் ஏற்றாமல் குறைந்தது மூன்று வருடத்துக்குப் பிரித்துத்தான் ஏற்ற வேண்டும் என்று சொன்னது. எங்களுக்கும் இரண்டாவது கடிதம் வந்தது. சரி, மூச்சு விட நேரம் கிடைத்தது, ஆனால் போய்ச் சேரும் இடம் அதேதான். அந்த இடைவெளியில்தான் உட்கார்ந்து எல்லா வழியையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். இதே நிலையில் இருக்கிறவர்கள் நிறையப் பேர் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், வேலை செய்கிற இடத்தில் தருகிற கம்பெனி கார்டு. இருக்கிற வரைக்கும் நல்லது, வேலை போனால் அதுவும் போய்விடும். எனக்கு வயது 48. 60-ல் ஓய்வு, உடம்பு அதிகமாகக் கேட்கப்போவது அதற்கப்புறம்தான். ஆகவே கம்பெனி கார்டை மட்டும் நம்பியிருப்பதை நான் ஒரு வழியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது, கார்டையே நிறுத்திவிட்டு முழுக்க அரசாங்க மருத்துவமனையை, அதாவது ஜி.எச்.சை, நம்புவது. இதைப் பலர் கேவலமாகப் பேசுவார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குடிமக்களுக்கு சாதாரண வெளிநோயாளிப் பதிவு 1 வெள்ளி, நிபுணர் கிளினிக் 5 வெள்ளி. இந்த விலைக்கு இவ்வளவு பெரிய வைத்தியம் கிடைப்பது சின்ன விஷயமா? அம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும். பல வருடமாக அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில்தான் பார்க்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்து, கால் பாதத்தை அழுத்திப் பார்த்து, மருந்தைப் பையில் போட்டுக் கொடுத்து அனுப்புகிறார்கள். காத்திருப்பதுதான் விலை. ரெசிடென்சி ரோடு ஜி.எச்.சில் கண் கிளினிக் என்றால் காலை ஆறரைக்கே கிளம்புவோம், ஃபிளாஸ்கில் காப்பி, ஒரு டப்பாவில் இட்லி. நம்பர் எடுத்து, டாக்டரைப் பார்த்து, மருந்து கவுண்டரில் மறுபடி நம்பர் எடுத்து வெளியே வரும்போது பகல் ஒன்றரை. ஒரு நாள் சம்பள லீவு போகும். அதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

ஜி.எச். என்றாலே எல்லாம் இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. வார்டு மலிவு, ஆனால் உடம்புக்குள் வைக்கிற சாமான்களுக்கு நோயாளிதான் பணம் கட்ட வேண்டி வரும். இதை 2022-ல் அத்தானுக்கு நெஞ்சு வலி வந்தபோது கண்ணால் பார்த்தேன். அவர் லோரி ஓட்டுகிறவர், பாகான் ஜெர்மாலில் வீடு. ஆஞ்சியோகிராம் எடுத்து, அடைப்பு இருக்கிறது, ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டெண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். ஸ்டெண்டுக்குத் தனிப் பணம் என்றதும் அக்கா தாலிக்கொடியை அடகு வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார். அப்போது வார்டு நர்ஸ் ஒருவர்தான், முதலில் கீழே மருத்துவ சமூக நலப் பிரிவுக்குப் போய்ப் பேசுங்கள் என்றார். அங்கே இருந்த அதிகாரி அத்தானின் ஐ.சி.யை (அடையாள அட்டையை) வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "இவருக்குப் பெக்கா பி40 இருக்கே" என்றார். எங்கள் யாருக்கும் அது தெரியாது!

பெக்கா பி40 2019-ல் தொடங்கிய அரசாங்கச் சுகாதாரத் திட்டம். குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசாங்கம் தரும் எஸ்.டி.ஆர். உதவித்தொகை வாங்குகிறவரும் அவருடைய துணையும் 40 வயதோ அதற்கு மேலோ ஆகியிருந்தால் தானாகவே தகுதி உண்டு, தனியாகப் பதிய வேண்டியதில்லை. இலவச உடல் பரிசோதனை, அரசாங்க மருத்துவமனையில் வைக்கும் ஸ்டெண்ட், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ், மூட்டு போன்ற சாதனங்களுக்கு 20,000 வெள்ளி வரை, புற்றுநோய் சிகிச்சையை முழுமையாக முடித்தால் 1,000 வெள்ளி, போக்குவரத்துக்குத் தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை. சாதனத்துக்கான விண்ணப்பத்தை மருத்துவமனையே அனுப்பிவிடும். அத்தானுக்கு இரண்டு ஸ்டெண்ட், கையிலிருந்து சாதனத்துக்கு ஒரு காசு போகவில்லை. அக்காவின் தாலிக்கொடி கழுத்திலேயே இருந்தது.

இதே மாதிரி இன்னும் இரண்டு மூன்று வழிகள் உண்டு. 2023-ல் வந்த மடானி மருத்துவத் திட்டத்தில் எஸ்.டி.ஆர். குடும்பத்துக்கு வருடத்துக்கு 250 வெள்ளி வரை தனியார் கிளினிக்கில் காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு மாதிரி திடீர்ப் பிரச்சினைகளைக் காட்டிக்கொள்ளலாம். சர்க்கரை மாத்திரைக்கெல்லாம் அது ஆகாது. எஸ்.டி.ஆர். கிடைக்காதவர்களும் பெரிய செலவு வந்தால் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு, தாபோங் பந்துவான் பெருபாத்தான் என்பார்கள், அதே சமூக நலப் பிரிவு வழியாக மனு போடலாம். சம்பள ரசீது, இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) அறிக்கை, வீட்டு பில்கள் எல்லாம் கேட்பார்கள், ஒரு கோப்பில் போட்டுத் தயாராக வைத்திருந்தால் அலைச்சல் குறையும். அரசாங்க மருத்துவமனையில் புற்றுநோய்க்குப் பார்க்கும் வசதி குறைந்தவர்களுக்கு தேசியப் புற்றுநோய் மன்றமான மாக்னா பண உதவி தருகிறது. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் என்றால், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவுக்குச் சந்தா கட்டியவர் முதலில் அங்கேதான் கேட்க வேண்டும், தகுதி இருந்தால் அவர்களே அந்தச் செலவை ஏற்பார்கள்.

அப்படியானால் கார்டே வேண்டாமா? நானும் ஒரு மாதம் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். மனதை மாற்றியது இரண்டு விஷயம். ஒன்று, எங்கள் வருமானத்துக்கு எஸ்.டி.ஆர். கிடையாது, அதனால் அத்தானுக்குத் திறந்த கதவு எனக்குத் திறக்காது. இரண்டு, காத்திருக்க முடியாத நோய்கள் இருக்கின்றன. ஜி.எச்.சில் அவசரம் என்றால் உடனே பார்ப்பார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவசரத்துக்கும் சாதாரணத்துக்கும் நடுவில் இருக்கிற ஆள், எம்.ஆர்.ஐ. தேதிக்காக வாரக்கணக்கில் காத்திருக்கிற ஆள், அவருக்கு அந்த வாரங்கள் எப்படிப் போகும் என்று பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறேன்.

ஆக மிஞ்சியது இரண்டே வழி. பழைய முழுக் கார்டையே தொடர்வது, இல்லாவிட்டால் முதல் 10,000 வெள்ளியை நாமே ஏற்றுக்கொண்டு அதற்கு மேல் மட்டும் காப்புறுதி தருகிற கார்டுக்கு மாறுவது. டிடக்டிபிள் கார்டு என்பார்கள். நான் மாறியது இதற்குத்தான். அறையின் தரம், எந்தெந்த மருத்துவமனை, வருட வரம்பு எல்லாம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: 60 வயதில் இந்தக் கார்டுக்கு மாதம் எவ்வளவு கட்ட முடியும்? கார்டு வாங்குகிற நாளில் ஏஜெண்ட் காட்டுகிற விலை இன்றைய விலை. அது இரண்டு விதமாக ஏறும். வயது ஏற ஏற ஒரு ஏற்றம், அது காகிதத்தின் பின்பக்க அட்டவணையிலேயே இருக்கும். அதற்கு மேல், எல்லோருடைய கிளெயிமும் கூடும்போது நிறுவனம் மொத்தமாக விலையைத் திருத்துகிற ஏற்றம், அது எந்த அட்டவணையிலும் இருக்காது. மலேசியாவில் 2024-ல் மருத்துவச் செலவு உயர்வு 15 விழுக்காடு என்று மதிப்பிட்டார்கள். காரணமும் தெளிவாகவே தெரிகிறது. தனியார் மருத்துவமனையில் டாக்டர் வாங்கும் கட்டணத்துக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு, ஆனால் மருந்து, கையுறை, ஊசி, அறைச் சாமான் என்று மருத்துவமனை போடும் பில்லுக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது.

நானும் மனைவியும் மகனுடைய கணக்கு நோட்டில் எழுதிப் பார்த்தோம். 371 வெள்ளி வருடம் 10 விழுக்காடு ஏறினால், 12 வருடம் கழித்து, நான் ஓய்வு பெறும்போது, மாதம் கிட்டத்தட்ட 1,160 வெள்ளி. சம்பளம் நின்றுபோன வீட்டில் ஒரே ஆளுக்கு 1,160. அப்போது கட்ட முடியாமல் விட்டால், 25 வருடம் கட்டியதற்கு ஈடாக, நோய் வரும் வயதில் வெறும் கை. முதலீட்டோடு சேர்ந்த பாலிசியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. காப்புக்கான கட்டணத்தை உள்ளே சேர்ந்த முதலீட்டு யூனிட்களிலிருந்துதான் கழிப்பார்கள். கட்டணம் ஏறி யூனிட் கரைந்து முடிந்தால், நாம் மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தாலும் பாலிசி காலாவதியாகலாம். ஆண்டு அறிக்கையில் யூனிட் மதிப்பு எந்தப் பக்கம் போகிறது என்று தவறாமல் பாருங்கள், எங்களுடையது மூன்று வருடமாக இறங்கிக்கொண்டிருந்தது.

டிடக்டிபிள் கார்டுக்கு எனக்குச் சொன்ன விலை 149 வெள்ளி. அதே 10 விழுக்காடு ஏற்றத்தில் 60 வயதில் 470-க்குள். கஷ்டம்தான், ஆனால் கட்ட முடியும். மாதம் மிச்சமாகிற 222 வெள்ளியை மனைவி தனிச் சேமிப்பில் போடுகிறார். நாலு வருடத்துக்குள் அதுவே அந்த 10,000 ஆகிவிடும். அதுவரை ஏதாவது வந்தால் முதல் பகுதிக்குக் கம்பெனி கார்டு இருக்கிறது. சின்ன விஷயங்களுக்கு ஜி.எச்., கிளினிக் கெசிஹாத்தான். பெரிய அடி விழுந்தால் கார்டு. எங்களுக்கு இது பொருந்துகிறது. கையில் 10,000 திரட்டவே வழியில்லாத, கம்பெனி கார்டும் இல்லாத குடும்பத்துக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

மாறும்போது ஏஜெண்டிடம் கட்டாயம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. அந்த 10,000 வருடத்துக்கு ஒரு தடவையா, ஒவ்வொரு முறை அட்மிட் ஆகும்போதுமா? என்னிடம் முதலில் காட்டிய திட்டத்தில் ஒவ்வொரு முறையும் என்றிருந்தது, அதை வேண்டாம் என்றுவிட்டேன். கீமோ, டயாலிசிஸ் மாதிரி வருடக்கணக்கில் போகும் சிகிச்சைக்கு அது பொருந்துமா? செலவில் ஒரு பங்கை நோயாளி கட்டும் கோ-பேமெண்ட் திட்டங்களுக்கு பேங்க் நெகாரா 2024-ல் போட்ட விதியில் அவசர சிகிச்சை, அரசாங்க மருத்துவமனைச் சிகிச்சை, புற்றுநோய், டயாலிசிஸ் தொடர் சிகிச்சை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு, உங்கள் ஒப்பந்தத்தில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

முக்கியமாக, கோபத்தில் பழையதை முதலில் ரத்து செய்யாதீர்கள். புதுக் கார்டு என்றால் வழக்கமாக முதல் 30 நாளுக்கு விபத்து தவிர எதற்கும் காப்பு கிடையாது, ரத்த அழுத்தம், சர்க்கரை, இருதயம், கட்டி, கல் போன்றவற்றுக்கு 120 நாள். ஏற்கெனவே இருக்கிற நோயைத் தள்ளிவிடுவார்கள். எனக்கும் லேசான ரத்த அழுத்தம் உண்டு, அதனால் வேறு நிறுவனத்துக்குத் தாவாமல் அதே நிறுவனத்தில் திட்டத்தை மட்டும் மாற்றினேன், புதுப் பரிசோதனை கேட்கவில்லை. கூலிமில் இருக்கும் நண்பர் ஒருவர் 2024 நவம்பரில் கடிதத்தைப் பார்த்த வேகத்தில் பாலிசியையே முடித்துவிட்டார். விலை உயர்வால் அந்த வருடம் கைவிட்டவர்கள் கேட்டால் மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று பேங்க் நெகாரா சொன்ன பிறகு எழுதிப் போட்டுத் திரும்ப வாங்கினார்.

இந்தக் கார்டை நான் இன்னும் பயன்படுத்தியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் ஆஸ்பத்திரி அனுபவமெல்லாம் டெங்கி வந்து கம்பெனி கார்டில் நாலு நாள் படுத்ததுதான். 40,000 வெள்ளி பில் வந்து, முதல் 10,000-ஐ நாம் கட்டி, மீதியைத் தான் கட்டுவதாக நிறுவனம் மருத்துவமனைக்குத் தரும் உறுதிக் கடிதத்தை வாங்குவது எவ்வளவு சுலபம் என்று என்னால் சொல்ல முடியாது.

மனைவியின் கார்டை மாற்றவில்லை. போன வருடம்தான் அவருக்குக் கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் முடிந்து, இன்னும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் போகிறது. அந்தச் செலவைப் பழைய கார்டு எந்தக் கேள்வியும் இல்லாமல் ஏற்கிறது. அடுத்த ஸ்கேன் ஆகஸ்டில். டாக்டர் இனி வர வேண்டாம் என்று சொன்ன பிறகு அவருடைய கணக்கையும் அதே நோட்டில் எழுதிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.